விருந்தினரும் அந்நியரும்: அக்ரா நகரில் கண்டவை

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. புதியதோர் ஊரில் கால் வைத்தவுடனே, அங்குள்ள மாளிகைகளையும் தெருக்களையும் பார்ப்பதற்கு முன்பாகவே, 'இது யாருடைய ஊர்? இங்கே வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்? கடைத்தெருவில் எந்த மொழி செல்லும்?' என்று மனம் கணக்கிடத் தொடங்கிவிடுகிறது. பிறந்த ஊரிலேயே வளர்ந்து வாழ்ந்து முடிப்பவர்களுக்கு இக்கேள்விகள் எழுவதில்லை. பிழைப்பை நாடி வெளியூர் சென்றவர்களுக்கோ இவையே முதற் கேள்விகள்.

அண்மையில், மே மாதக் கடைசியில், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவில் இரண்டு வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பல மொழிகள் வழங்கும் அந்நாட்டில் அரசாங்க வெளியீடுகளை எவ்வாறு மொழிபெயர்க்கிறார்கள் என்று அறிந்து வருவதற்காக அனுப்பப்பட்ட சிறு குழு ஒன்றில் நானும் ஒருவனாக இருந்தேன். அலுவல் பற்றிய செய்திகளை அலுவலக அறிக்கையில் எழுதியாயிற்று. அறிக்கையில் இடம் பெறாத சிலவற்றை, வெளியூர்வாழ் தமிழர்க்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை மட்டும், இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அக்ரா கினி வளைகுடாவின் கரையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஐந்தரைப் பாகையில் அமைந்துள்ள நகரம். லண்டனை அடுத்த கிரீனிச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகை, அக்ராவுக்குக் கிழக்கே அண்மையில் உள்ள டேமா என்னும் துறைமுக நகரத்தையும் கடந்து செல்கிறது. ஆதலால் நம் கைக்கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டால் போதும். வேறு கணக்கு வேண்டியதில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்த உப்புக் காற்றும், செம்மண்ணும், தென்னையும், மாமரமும் என்னை ஒரு கணம் திகைக்க வைத்தன. சாலையோரத்தில் வேப்பமரங்கள் நின்றன. வேம்பு அந்த மண்ணுக்கு உரிய மரமன்று. சென்ற நூற்றாண்டில் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து சென்று அங்கே வேரூன்றிய மரம் அது. இன்று அதனை அயல்நாட்டு மரம் என்று அங்கே யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. மரங்களுக்கு எளிதாகக் கைகூடும் இந்தப் பேறு மனிதர்களுக்கு எவ்வளவு அரிதாகக் கைகூடுகிறது என்பதைப் பிறகு பல இடங்களில் உணர்ந்தேன்.

இது யாருடைய ஊர் என்ற கேள்விக்கு விடை காண்போம். அக்ரா, 'கா' என்னும் இனத்தாரின் ஊர். அவர்கள் மீன்பிடித் தொழிலிலும் மக்காச்சோளப் பயிரிலும் பழகிய கடற்கரை மக்கள். அவர்களுடைய கரையில் ஐரோப்பியர் மூவர் கோட்டை கட்டினர். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஒன்று, டேனிஷ்காரர் ஒன்று, ஆங்கிலேயர் ஒன்று என மூன்று கோட்டைகள் சில மைல் தூரத்துக்குள்ளேயே எழுந்தன. பொன்னுக்காக வந்தவர்கள் பிறகு மனிதர்களையே விலைப்பொருளாக்கிக் கப்பலேற்றினர். டேனிஷ்காரரைப் பற்றி நமக்குத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. அக்ராவில் கோட்டை கட்டியவர்களே நம் தரங்கம்பாடியிலும் கோட்டை கட்டியவர்கள். 1877 இல் ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாட்டின் தலைநகரைக் கேப் கோஸ்ட் என்னும் ஊரிலிருந்து அக்ராவுக்கு மாற்றினர். அன்று தொடங்கி நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும், அண்டை நாடுகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்து குவியலாயினர். 2021 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அக்ராவை உள்ளடக்கிய வட்டாரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 54 லட்சம். இவர்களுள் கா இனத்தார் சிறுபான்மையினர். தங்கள் ஊரிலேயே தாங்கள் சிறு தொகையினராகிவிட்ட மக்கள் அவர்கள்.

நாடு விடுதலை பெற்ற வரலாற்றிலும் நமக்குத் தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. அக்ராவில் இராணுவத் தலைமையகம் இருக்கும் இடத்தின் பெயர் 'பர்மா முகாம்'. இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து பர்மாக் காடுகளுக்குச் சென்று போரிட்டனர். 1942 இல் பர்மாவிலிருந்து நம்மவர்கள் பல்லாயிரவர் கால்நடையாக வெளியேறிய அதே மலைக் காடுகளின் பக்கமாகத்தான் அவர்கள் பின்னர் உள்ளே சென்றனர். போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட சலுகைகளைக் கேட்டு, 1948 பிப்ரவரி 28 அன்று டேனிஷ்காரர் கட்டிய கோட்டையை நோக்கி மனு ஏந்தி ஊர்வலமாகச் சென்றனர். கவர்னர் அப்போது அங்கேதான் இருந்தார். வழியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது; முன்னாள் வீரர் மூவர் மாண்டனர். அதனால் மூண்ட கொந்தளிப்பே விடுதலை இயக்கத்தை விரைவுபடுத்தியது. குவாமே இன்க்ருமா சிறையில் இருந்தபடியே 1951 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது.

இனி மொழிக்கு வருவோம். கானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அதுவே வழங்குகிறது. உள்நாட்டு மொழிகளில் நூல்களும் வெளியீடுகளும் கொணர்வதற்காக அக்ராவில் அரசாங்கப் பணியகம் ஒன்று உள்ளது. 1951 இல் தொடங்கப்பட்ட அப்பணியகம் இன்று பதினொரு மொழிகளில் பணி செய்கிறது. நம் தொழிலையே செய்கின்ற அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர்களுடன் உட்கார்ந்து பேசியபோது, அவர்களுடைய தொல்லைகளும் நம் தொல்லைகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தோன்றிற்று. ஆங்கிலச் சட்டச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு நேரான சொல் தங்கள் மொழியில் இல்லையே என்று ஒருவர் வருந்துவார். இல்லாமற் போனது நல்லதாயிற்று என்று மற்றொருவர் சொல்வார்.

அத்தகைய சொல் ஒன்றைப் பற்றி அங்கே நான் கேட்டதே இந்தப் பேச்சின் கரு. கானாவில் மிகப் பலர் பேசும் மொழி அக்கான். அதன் கிளைமொழியாகிய ட்வி அக்ராவின் கடைத்தெருவில் எங்கும் ஒலிக்கிறது. அம்மொழியில் 'ஓஹொஹோ' என்று ஒரு சொல் உண்டு. அறியாத புதியவன் என்பதும் அதற்குப் பொருள். வீட்டுக்கு வந்த விருந்தினன் என்பதும் அதற்குப் பொருள். வடக்கிலிருந்து வந்தவர்கள் பேசும் ஹௌசா மொழியில் 'பாக்கோ' என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருள்களும் உண்டு. இதைக் கேட்டபோது நம் மொழியின் நினைவு வந்தது. 'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியத்தில் அச்சொல் புதிய செய்யுள் நடையைக் குறிக்கிறது. புதியவராக வந்தவரையே நம் முன்னோர் விருந்தினர் என்றனர். ஆங்கிலத்தில் புதியவருக்கு ஒரு சொல், விருந்தினருக்கு வேறொரு சொல், அயல்நாட்டாருக்கு 'ஏலியன்' என்று மூன்றாவது சொல். ஒருவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்பது, அவரை எங்கே உட்கார வைப்பது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

அக்ராவின் தெருக்களில் இச்சொல்லின் பொருள் பல வகையாக விளங்கிற்று. அங்கே மக்கள் மிகுதியாக ஏறிச் செல்லும் வேனுக்கு 'ட்ரோட்ரோ' என்று பெயர். முற்காலத்தில் அதன் கட்டணமாக இருந்த மூன்று பென்சைக் குறிக்கும் கா மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்கிறார்கள். கண்டக்டராகிய இளைஞன் கதவருகே தொங்கிக்கொண்டு, வண்டி போகும் இடத்தின் பெயரை ராகமிட்டுக் கூவுகிறான். உள்ளே ஏறியவர் முதலில் வணக்கம் சொல்லாமல் உட்காருவது முறையன்று. இடக்கையால் பணம் நீட்டுவதும் மரியாதைக் குறைவு. இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டியின் ஓர் இருக்கையில் ட்வி, அடுத்த இருக்கையில் எவே, பின்னால் ஹௌசா, சாளரத்துக்கு வெளியே கா. ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று மொழியில் பேரம் பேசுகிறார்கள்.

அக்கான் மக்கள், பிறந்த கிழமையையே பெயராகச் சூட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. சனிக்கிழமை பிறந்த பெண் ஆமா. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடுகிறது. கா இனத்தார் பெயரிடும் முறை வேறு. அவர்கள் பெயரைக் கேட்டால், அவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர், உடன்பிறந்தாருள் எத்தனையாவது பிள்ளை என்பது அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு விளங்கிவிடும். ஒரே ஊரில் ஒருவர் பெயர் நாளைச் சொல்கிறது. மற்றவர் பெயர் வீட்டைச் சொல்கிறது.

ஒரு நாள் காலையில் ஜேம்ஸ்டவுன் என்னும் பழைய பகுதிக்குச் சென்றேன். அங்கே கலங்கரை விளக்கத்தின் கீழே மீனவர் குப்பம். ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தோணிகள் வண்ணந் தீட்டப் பெற்றுக் கரையில் வரிசையாகக் கிடந்தன. அன்று செவ்வாய்க்கிழமை. கா மீனவர் செவ்வாயன்று கடலுக்குச் செல்வதில்லை. அது கடலுக்கு ஓய்வு நாள். வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மீனைப் புகையிட்டுக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து, அச்சோளத்தின் மடலிலேயே பொதிந்து வேகவைத்த 'கெங்கே' என்னும் உணவைப் பொரித்த மீனுடனும் மிளகாய்த் துவையலுடனும் தந்தார்கள். புளித்த மாவின் மணத்தில் இட்டிலியின் உறவு தெரிந்தது.

எங்களுடன் வந்த அந்நாட்டு நண்பர் முன்னதாகவே எனக்கு ஒரு சொல் கற்றுக் கொடுத்திருந்தார். வெளியிலிருந்து வருபவர்கள் எல்லாரும் நன்றி கூறுவதற்கு 'மேதாசே' என்னும் ட்விச் சொல்லையே கற்றுக்கொள்கிறார்கள். நகரத்தின் எப்பகுதியிலும் அது செல்லும். ஆனால் இந்தக் கரையில் 'ஓயிவாலாடோன்' என்று கா மொழியில் சொல்லிப் பாருங்கள் என்றார். உணவு தந்த மூதாட்டியிடம் அப்படியே சொன்னேன். அவர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரியைக் கூவி அழைத்து, அந்தச் சொல்லை மறுபடியும் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். விலையில் ஒன்றும் குறைக்கவில்லை. ஆனால் இன்னொரு மீன் துண்டு இலையில் விழுந்தது. ஊர்க்காரர்களின் மொழியை ஊர் மறந்துகொண்டு வருகிறது என்ற கவலை அந்த வியப்பில் கலந்திருந்தது என்று நண்பர் பிறகு சொன்னார்.

நான் சென்ற காலம் கா மக்களுக்கு ஒரு முக்கியமான காலமாக அமைந்தது. இயல்பாக அக்ரா ஓசை மிகுந்த நகரம். கடைதோறும் ஒலிபெருக்கி, தெருதோறும் தேவாலயம், சவ ஊர்வலத்துக்கும் வாத்தியம். ஆனால் நாங்கள் சென்ற நாட்களில் நகரின் பல பகுதிகளில் முழவோசையே இல்லை. காரணம் கேட்டேன். ஆண்டுதோறும் மே மாதத்தையொட்டி, கா மரபுப் பூசாரிகள் புனித நிலத்தில் தானியம் விதைப்பார்கள். விதைத்தபின் ஏறக்குறைய முப்பது நாள் முழவு கொட்டுவதும் பெருங்கூச்சல் எழுப்புவதும் விலக்கப்பட்டுள்ளன. பயிர் அமைதியில் முளைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. பின்னர் 'ஹோமோவோ' என்னும் திருவிழா வரும். அப்பெயருக்குப் 'பசியை எள்ளி நகைத்தல்' என்று பொருள். பண்டைக் காலத்தில் கா மக்கள் இக்கரைக்கு வந்தபோது கொடும் பஞ்சத்தில் வாடினர் என்றும், பின்னர் விளைச்சல் பெருகியபோது பசியைக் கைகொட்டிச் சிரித்தனர் என்றும் கதை கூறுகிறார்கள். திருவிழா நாளில் இனத் தலைவர் மக்காச்சோள உணவைத் தெருத்தெருவாகத் தூவிச் செல்வார்.

முப்பது நாள் அமைதி என்பது ஐம்பது லட்சம் மக்கள் வாழும் நகரத்தில் எளிதன்று. அவர்களுள் பெரும்பாலோர் கா இனத்தாரல்லர், பெரும்பாலோர் கிறித்தவர், ஆலயங்களில் முழவும் பாட்டும் அவர்களுடைய வழிபாட்டின் உயிர். 1990களின் இறுதியில் இது பெரிய மோதலாக வெடித்தது. விலக்கை மீறியதாகச் சில ஆலயங்களில் கா இளைஞர்கள் புகுந்து இசைக்கருவிகளைக் கைப்பற்றினர், அடிதடியும் நடந்தது. வழிபாட்டு உரிமையை அரசியல் சட்டம் தந்திருக்கிறது என்றனர் ஒரு சாரார். இது எங்கள் முன்னோர் மண், ஆண்டுக்கு ஒரு மாதம் அடங்கி இருப்பது பெரிதா என்றனர் மற்றொரு சாரார். இரண்டு கேள்வியும் நியாயமானவையே. அரசாங்கமும் சமயத் தலைவர்களும் மரபுத் தலைவர் மன்றமும் பலமுறை கூடிப் பேசினர். வழிபாடு நடக்கலாம், ஓசை அவரவர் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஒலிபெருக்கியை வெளியே வைக்கலாகாது. கண்காணிக்கும் பொறுப்பு அடையாளம் தாங்கிய கூட்டுக் குழுவுக்கே உரியது, தனியார் எவரும் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்ற வகையில் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் அக்காலம் வருவதற்கு முன் அறிவிப்பு வெளியாகிறது. உரசல் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நகரம் ஒரு மாதம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பொறுப்பாளர் எவே இனத்துப் பெண்மணி. கிழக்கு எல்லைப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக அக்ராவில் வாழ்கிறவர். இந்த விலக்கு உங்களுக்குத் தொல்லையாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன். தொல்லைதான் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் தம் ஊரிலும் தம் இனத்தாருக்கு இப்படிப்பட்ட நாட்கள் உண்டு என்றும், அங்கே வந்து அடுத்தவர் முழவு கொட்டினால் தமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதாகவும் சொன்னார். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. தம் வீட்டு நிலையிலிருந்து அடுத்த வீட்டைப் பார்த்த பார்வை அது.

கா மக்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதை அவர்களுடைய மரபுக் கதையே ஒப்புக்கொள்கிறது. கிழக்கிலிருந்து வந்து இக்கரையில் அமர்ந்தோம் என்றே அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். இதனாலோ என்னவோ, வந்தவர்க்கு இடந்தந்த வரலாறும் அவர்களுக்கு உண்டு. 1836 இல் பிரேசில் நாட்டில் அடிமை வாழ்விலிருந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் சிலர் கடல் கடந்து அக்ராவுக்கு வந்து சேர்ந்தனர். கா தலைவர் அவர்களுக்கு நிலம் அளித்தார். ஊர் மொழி அறியாத அவர்கள், யார் என்ன கேட்டாலும் 'நலம்' என்ற பொருளில் 'தா பொம்' என்று போர்ச்சுக்கீசிய மொழியில் விடை சொல்வார்களாம். அதனால் அவர்களுக்குத் 'தாபொம்' மக்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் தையல் தொழிலையும் பயிர்த்தொழிலையும் வளர்த்தனர். இன்று அவர்களுக்கென ஒரு தலைவர் உண்டு. கா மரபு அமைப்பில் அவருக்கு இடமும் உண்டு. ஆனால் போர்ச்சுக்கீசிய மொழி அவர்கள் வீட்டில் இல்லை. அவர்கள் கா மொழியே பேசுகிறார்கள். மூதாதையர் மொழியில் எஞ்சியவற்றுள் எல்லாரும் அறிந்தது, இனப் பெயராகிவிட்ட அந்த இரண்டு சொற்களே.

இதைக் கேட்ட இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ள நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன். நம் பிள்ளைகள் தெருவில் ஊர் மொழியில் விளையாடிவிட்டு வந்து, நாம் தமிழில் கேட்ட கேள்விக்கு வேறு மொழியில் விடை சொல்கிறார்கள். இன்னும் இரண்டு தலைமுறைக்குப் பின் எந்த இரண்டு சொற்கள் அவர்களிடம் எஞ்சும்? தாபொம் மக்கள் பெற்றதும் பெரிது, இழந்ததும் பெரிது. ஊரோடு ஒன்றியதனால் இழந்தார்கள் என்று சொல்லி ஊரை வெறுப்பது அறிவன்று. வீட்டுக்குள் பேசுவதை யாரும் தடுப்பதில்லை. வீட்டுக்குள் பேசாமல் விடுவது நாம்தான்.

விருந்தினர் என்னும் சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க ஊர்களில் வெளியூரார் வாழும் பகுதிக்குச் 'சோங்கோ' என்று பெயர். வணிகர் தங்கும் இடம் என்ற பொருளில் ஹௌசா மொழியில் வழங்கிய சொல் அது. அக்ராவில் அத்தகைய பகுதிகளில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உள்ளன. அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே மண்ணுக்குள் போனாலும், பேச்சு வழக்கில் அவர்கள் இன்னும் வந்தவர்களே. விருந்தினர் என்ற சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு உரியவர் வேறொருவர் என்ற நினைவூட்டலும் அதற்குள் இருக்கிறது.

அந்த நினைவூட்டல் கொடுமையாக மாறிய ஆண்டுகளும் உண்டு. 1969 நவம்பர் 18 அன்று, பிரதமர் புசியாவின் அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. தங்கும் அனுமதிச் சீட்டு இல்லாத அயல்நாட்டார் இரண்டு வாரத்துக்குள் அதனைப் பெற வேண்டும், அன்றேல் வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். விருந்தினர், புதியவர் என்ற சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 'ஏலியன்' என்ற ஆங்கிலச் சொல்லே அந்த ஆணையின் தலைப்பில் நின்றது. நைஜீரியாவிலிருந்து வந்து பல்லாண்டு வாணிபம் செய்தவர்கள் கடையைப் பூட்டி, கிடைத்த விலைக்குப் பொருளை விற்று, கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். பின்னர் காலம் திரும்பிற்று. கானாவில் பொருளாதாரம் நலிந்தது. நைஜீரியாவில் எண்ணெய் வளம் பெருகியது. கானா மக்கள் அங்கே வேலை தேடிச் சென்றனர். 1983 ஜனவரியில் நைஜீரிய அரசாங்கம் முறையான சீட்டு இல்லாத அயல்நாட்டாரை வெளியேறும்படி ஆணையிட்டது. பத்து லட்சம் அளவிலான கானா மக்கள் சில வாரங்களில் ஊர் திரும்ப நேர்ந்தது. கையில் கிடைத்த கட்டம் போட்ட பிளாஸ்டிக் பைகளில் வாழ்நாள் சேமிப்பைத் திணித்துக்கொண்டு வந்தனர். அந்தப் பைக்கு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் 'கானாக்காரனே போ' என்ற பொருளில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. மக்கோலாச் சந்தையில் அதே பை இன்றும் கட்டுக்கட்டாக விற்கிறது. நம் ரயில் நிலையங்களிலும் அதைக் காணலாம். நாமும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் செல்லும்போது அத்தகைய பையில்தான் துணிகளைத் திணிக்கிறோம். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை அறிந்தபின் அதனைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

வெளியேற்றிய இரண்டு நாடுகளும் அதனால் செழித்துவிடவில்லை. வெளியூர் சென்று உழைப்பவனால் ஒரு நாடு என்ன பெறும் என்பதற்கும் அக்ராவிலேயே சான்று இருக்கிறது. நகரின் பெரிய சாலைச் சந்திப்பு ஒன்று டெட்டே குவார்ஷி என்பவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஓர் எளிய கொல்லர். பெர்னாண்டோ போ என்னும் தீவுக்குக் கூலி வேலைக்குச் சென்று, திரும்பி வரும்போது கோக்கோ விதைகளைக் கொண்டுவந்து அக்ராவுக்கு வடக்கே உள்ள மலைப் பகுதியில் நட்டார். அந்த விதைகளிலிருந்து பெருகிய பயிரினால் இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் உலகிலேயே மிகுதியாகக் கோக்கோ விளைவிக்கும் நாடாகக் கானா விளங்கிற்று. கூலிக்குப் போன ஒருவர் கொண்டுவந்த பொருள் ஒரு நாட்டின் செல்வமாயிற்று.

அக்ராவில் இந்தியரும் வாழ்கின்றனர். சிந்தி வணிகர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே அங்கே கடை வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் துணையோடு அமைந்து கோஃபி அன்னான் பெயரைத் தாங்கிய கணினிப் பயிற்சி மையம் 2003 முதல் அங்கே இயங்கி வருகிறது. நாம் நல்ல பெயருடன்தான் இருக்கிறோம் என்று நான் மகிழ்ந்திருந்த வேளையில், பல்கலைக்கழக வளாகத்தில் வெற்றிடமாகக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டினார்கள். 2016 ஜூன் மாதம் நம் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அங்கே காந்தியடிகளின் சிலையைத் திறந்து வைத்தார். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதிய சில வரிகளை எடுத்துக்காட்டி, பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2018 டிசம்பரில் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டது. அடிகளின் பிற்கால வாழ்வு வேறு என்று நாம் சொல்லலாம், அது உண்மையும்கூட. விடுதலைப் போராட்டத்தில் இன்க்ருமா அடிகளின் வழியைப் போற்றிப் பின்பற்றியதும் உண்மை. ஆனால் விருந்தினராகச் செல்பவர் வீட்டுக்காரரைப் பற்றி முன்பு என்ன பேசினார் என்பதை வீட்டுக்காரர் மறப்பதில்லை என்பதும் உண்மை. நம் நகரங்களில் படிக்க வந்துள்ள ஆப்பிரிக்க மாணவரை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம், வாடகைக்கு வீடு கேட்டால் என்ன விடை சொல்கிறோம் என்று அங்கே ஓர் இளைஞர் என்னை நேருக்கு நேர் கேட்டார். அவருடைய தம்பி நம் நாட்டில் படிக்கிறவர். அந்தக் கேள்விக்கு எந்தச் சிலையாலும் விடை சொல்ல முடியாது. நாம் நடந்துகொள்ளும் முறைதான் விடை சொல்ல வேண்டும்.

நேயர்களே, வெளியூரில் வாழும் நாம் ஒரே சமயத்தில் விருந்தினராகவும் இருக்கிறோம், வீட்டுக்காரராகவும் இருக்கிறோம். பிறர் மண்ணில் நாம் வந்தவர்கள். நாம் வாழும் தெருவுக்கு நமக்குப் பின்னே வருபவர்களுக்கோ நாம் முன்னவர்கள். மகாராஷ்டிரத்தில் மராத்தியிலும், வங்கத்தில் வங்காளியிலும், கர்நாடகத்தில் கன்னடத்திலும் நன்றி சொல்லக் கற்றுக்கொள்வது பெரிய செலவன்று. எல்லாருக்கும் பொதுவாக விளங்கும் மொழி ஒன்று கைவசம் இருந்தாலும், அந்த மண்ணுக்கு உரிய சொல்லைத் தேடிச் சொல்வதில் தனி மதிப்பு இருக்கிறது. ஊரார் குரல் தாழ்த்தும் நாளில் நாமும் தாழ்த்துவோம். வீட்டுக்குள் நம் மொழியைப் பேசுவோம். நமக்குப் பின் ஊருக்குள் வந்து சேரும் புதியவர் எந்த நாட்டவராயினும், எந்த நிறத்தவராயினும், அவருக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு நல்ல பெயர் உண்டு என்பதை மறவாதிருப்போம்.